நாலு நாகபூஷணிகளும் ஒரு நீலாவும்

தோணி ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஒருவர் இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டினார். தலையில் துவாய்க் கட்டு, வாய் நிறைய வெற்றிலை. யார் எவர் என்று தெரியாது.

"பிள்ளையைத் தாரும் தங்கச்சி. பயப்பிடாதையும்."

என் மடியில் கிடந்த கைக்குழந்தையைத் தூக்கி அந்த மனிதருடைய கையில் கொடுத்துவிட்டேன்.

இப்போது நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்போது பயப்படவில்லை. நயினாதீவுத் திருவிழா வருவதே தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் காலத்தில்தான். அலை எழும்பினால் தோணி துறையோடு அணையாது. அதற்காகச் சாமி கும்பிடாமல் திரும்ப முடியுமா? ஆண்கள் கடலில் இறங்கி வரிசையாக நின்றுகொள்வார்கள். முதலில் கைக்குழந்தைகள் கைமாறிக் கைமாறிக் கரைக்குப் போகும். பிறகு அர்ச்சனைச் சாமானும் பாற்செம்பும் போகும். கடைசியாகத்தான் பெண்களாகிய நாங்கள் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும்.

கரையில் ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டிருப்பார்கள். அங்கே இருக்கிற பெண்கள், யாருடைய பிள்ளை என்று கேட்காமலே மடியில் வாங்கி வைத்திருப்பார்கள். தாய்மார் வந்து தங்கள் தங்கள் பிள்ளையைக் கேட்டு எடுத்துக்கொள்வதுதான் வழக்கம்.

அன்று என் பிள்ளைக்குப் பெயர் இல்லை. பெயர் வைப்பதற்காகத்தான் நெடுந்தீவிலிருந்து புறப்பட்டு வந்திருந்தோம். என்ன பெயர் என்பதில் எனக்கும் என் மச்சாளுக்கும், அதாவது என் புருஷனின் தமக்கைக்கும், பல நாளாக வாய் திறக்காத சண்டை ஒன்று நடந்துகொண்டிருந்தது.

என் பெயர் எங்கே போனது

நான் வேலணையில் பிறந்து நெடுந்தீவுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்பதை இந்தத் தொடரில் போன கிழமையே சொல்லிவிட்டேன். முதல் மாதம் முழுவதும் காற்றுக்குப் பயந்து குசினிக்குள் ஒளிந்திருந்ததையும் சொன்னேன். சிரித்தவர்கள் சிரித்து முடித்திருப்பீர்கள். இந்தக் கிழமை பெயர்க் கதை.

எனக்கு என் ஐயா வைத்த பெயர் சௌந்தரநாயகி. வைத்தபோது அவர் மிகவும் பெருமைப்பட்டாராம். வைத்த மனிதரே மறுநாளிலிருந்து அதை முழுதாகச் சொல்லவில்லை. வீட்டில் நாயகி. பள்ளிக்கூடத்தில் சௌந்தரம். தம்பிக்கு வெறும் "சௌ". ஒரு பெயரைக் கோழிக்கறிக்கு வெட்டுவதுபோல வெட்டி ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள்.

கலியாணத்துக்குப் பிறகு அந்தத் துண்டுகளும் இல்லாமல் போயின. இவர் என்னைக் கூப்பிடுவது "இஞ்சாரும்". மச்சாள் கூப்பிடுவது "பிள்ளை". ஊருக்கு நான் "வேலணைப் பெட்டை". ஒருமுறை காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போய் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்தேன். அப்போத்திக்கரி ஐயா உள்ளே இருந்து "சௌந்தரநாயகி! சௌந்தரநாயகி!" என்று கத்துகிறார். யாரடா இந்தப் பெண், கூப்பிட்டால் போகத் தெரியாதவள் என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்க்கிறேன். பக்கத்தில் இருந்தவள் என் விலாவில் இடித்த பிறகுதான் அது நான் என்பது தெரிந்தது. அன்றைக்கு வெட்கத்தோடு கொஞ்சம் அழுகையும் வந்தது.

இதிலே ஒரு நியாயமும் பேச வேண்டும். இவருடைய பெயரை நானும் வாழ்நாளில் சொன்னதில்லை. இந்தத் தொடரில் எத்தனை கிழமையாக எழுதுகிறேன், ஒரு இடத்திலாவது எழுதினேனா? எழுதவும் மாட்டேன். கை வராது.

ஆகையால், எனக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தால் அவளுக்குச் சின்னஞ்சிறு பெயர் வைக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். வெட்டுவதற்கு இடமே இல்லாத பெயர். ஒரே மூச்சில் முழுதாகச் சொல்லிவிடக்கூடிய பெயர். வேலணைப் பள்ளிக்கூடத்தில் எங்கள் வாத்தியாரின் மகள் ஒருத்தி படித்தாள். அவள் பெயர் நீலா. தாய் கூப்பிட்டாலும் நீலா, கோபத்தில் வாத்தியார் கூப்பிட்டாலும் நீலா, நாங்கள் கூப்பிட்டாலும் நீலா. அவளுக்கு மட்டும் எல்லார் வாயிலும் ஒரே பெயர் இருப்பதைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

காற்றுத் தின்னாத பெயர்கள்

மச்சாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து தகப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்தவர். தாயில்லாத தம்பியை, அதாவது இவரை, தூக்கி வளர்த்தவர். மாடுகளும் தோட்டமும் சாவிக்கொத்தும் அவர் கையில். அவருக்குக் குசுகுசுவென்று பேசத் தெரியாது. இரகசியம் சொன்னால் மூன்று வளவுக்குக் கேட்கும்.

நெடுந்தீவில் வேலி என்றால் கல்வேலி. கடலில் விளையும் முருகைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். பின்னேரத்தில் மச்சாள் அந்தக் கல்வேலியோரம் நின்று மேய்ச்சல் தரையைப் பார்த்துக் கூப்பிடுவார்.

"காரீ! செம்பீ!"

சோளகம் முகத்தில் அறையும். ஆனாலும் மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கும். வந்த புதிதில் நான் கேட்டேன்.

"மச்சாள், எங்கடை ஊரிலை மாட்டுக்கு லட்சுமி, காமாட்சி எண்டெல்லாம் வைப்பினம். நீங்கள் ஏன் இப்பிடிக் கட்டைப் பேராய் வைக்கிறியள்?"

"உங்கடை ஊரிலை பனைமரம் காத்தை மறிக்கும் பிள்ளை. இஞ்சை நீட்டுப் பேரைக் காத்துத் திண்டுபோடும். நான் காமாட்சி எண்டு கூப்பிட, மாட்டுக்குக் 'கா' மட்டும்தான் போய்ச் சேரும். ஏதோ காகம் எண்டு நினைச்சு அது பேசாமல் நிக்கும்."

இப்படிச் சொன்னவர் பிள்ளைப் பெயர் விஷயத்திலும் என் பக்கம்தான் நிற்பார் என்று நம்பினேன். நான் எவ்வளவு பெரிய மடைச்சி என்பதைப் பாருங்கள்.

கல்வேலிக்கு அந்தப் பக்கம் திரேசம்மா என்று ஒரு வேதக்காரப் பெண் இருந்தாள். என் வயதுதான். அவளிடம் மட்டும் என் ஆசையைச் சொல்லியிருந்தேன். அவள் சிரித்தாள். "எங்களுக்கு இந்தச் சண்டையே இல்லையடி. அந்தோனியார் நாளிலை பிறந்தால் அந்தோனி, சூசையப்பர் நாளிலை பிறந்தால் சூசை. பிள்ளை வரேக்கையே பேரும் கையோடை வந்திடும்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா நீலா எண்டது நல்லாத்தான் இருக்கு. கறி தாளிச்சுக் கொண்டு நிண்டும் கூப்பிடலாம்" என்றாள். இந்த ஒரு வாக்குத்தான் என் கட்சிக்குக் கிடைத்தது.

நேர்த்தி

இந்தப் பிள்ளைக்கு முதல் எனக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தான். முப்பத்தோராம் நாள் பிரசவத் தீட்டான துடக்குக் கழிக்கும் முன்னரே காய்ச்சல் கண்டு போய்விட்டான். அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. எழுதினால் இன்றைய பாடு நின்றுவிடும்.

இரண்டாவது முறை எனக்கு வயிறு தெரிந்ததும், மச்சாள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நயினாதீவு இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு நேர்ந்துகொண்டார். "அம்மாளாச்சி, இந்தப் பிள்ளையை எங்களுக்கு உயிரோடை தா. பெண்ணாப் பிறந்தால் உன்ரை பேரை முழுசா வைச்சு, உன்ரை வாசலுக்குக் கொண்டுவந்து காட்டுறன்."

முழுப் பெயர் என்றால் நாகபூஷணி. தீவுப் பகுதியில் அந்தப் பெயர் இல்லாத வீடு குறைவு. கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் அந்த அம்மாளை விட்டு வேறு யாருடைய பெயரை வைப்பார்கள்?

பெண்தான் பிறந்தாள். மருத்துவிச்சி கழுவித் துடைத்து என் பக்கத்தில் கிடத்திய உடனேயே நான் அவள் காதில் "நீலா" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு பால் கொடுக்கும்போதெல்லாம் சொன்னேன். யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான். மச்சாள் எனக்குப் பத்தியச் சரக்கு அரைக்கும் அம்மிச் சத்தம் கேட்கிற வரைக்கும் சொல்வேன். சத்தம் நின்றால் நானும் நிறுத்திவிடுவேன்.

சாத்திரியார் வந்தார். நட்சத்திரம் அனுஷம், ந, நி, நு, நே என்று தொடங்கும் பெயர் நல்லது என்றார். மச்சாள் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"பாத்தியோ பிள்ளை! 'ந' எண்டு முதல் எழுத்தே நாகபூஷணி! அம்மாளாச்சி கேட்டு வாங்கிறா!"

நானும் உள்ளுக்குள் துள்ளினேன். இரண்டாவது எழுத்து 'நி' அல்லவா! ஆனால் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். மச்சாளுக்குப் பயந்து மட்டும் அல்ல. நேர்த்தி வைத்தாயிற்று. வைத்த நேர்த்தியை மாற்றி, அதனால் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டால்? முன்னமே ஒன்றைப் பறிகொடுத்தவள் நான். ஆசை ஒரு பக்கம் இழுக்க, அச்சம் மறுபக்கம் இழுத்தது. என் பிள்ளைக்கு நான் ஒரு பெயர் வைக்கக்கூடாதா என்று ஒரு நேரம் கோபம் வரும். மறு நேரம், பெயர் என்னவாக இருந்தால் என்ன, மூச்சு இருந்தால் போதும் என்று நானே என்னை அடக்குவேன்.

இவரிடம் ஒருநாள் துணிந்து கேட்டேன். "நீலா எண்டு வைச்சால் என்ன?"

"நல்ல பேர்."

"அப்ப அக்காவிட்டைச் சொல்லுங்கோவன்."

"அக்கா சொல்லுறதும் நல்ல பேர்தான்" என்று சொல்லிவிட்டு, கிணற்றுக் கயிறு அறுந்திருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார். அது அறுந்திருக்கவில்லை. அவர் அந்த மாதம் முழுவதும் அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

பந்தலுக்குக் கீழே

துடக்குக் கழிந்தது. திருவிழா தொடங்கியது. தோணி ஏறினோம். நெடுந்தீவிலிருந்து நயினாதீவுக்குப் போகும்போது சோளகம் பின்னால் நின்று தள்ளிவிடும், அதனால் சீக்கிரமே துறை தெரிந்தது. புங்குடுதீவுத் தோணி, அனலைதீவுத் தோணி, எழுவைதீவிலிருந்து ஒரு சின்னத் தோணி, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவிந்திருந்தன. கைக்குழந்தைகள் நாலா பக்கமிருந்தும் கரைக்குப் போய்க்கொண்டிருந்தன.

என் பிள்ளையும் போனாள். மச்சாள் அவளைத் தொடர்ந்து குதித்து இறங்கினார். நான் இறங்கக் காலை எடுத்தேன், ஒரு பெரிய அலை வந்து தோணியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. தோணியோட்டும் தண்டையல் கத்துகிறார். இவர் பாய்க் கயிற்றோடு மல்லுக்கட்டுகிறார். நான் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரே கூட்டம். எல்லாக் குழந்தைகளுக்கும் எண்ணெய் வைத்த தலை, கன்னத்தில் கறுப்புப் பொட்டு, வெள்ளைத் துணி. எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.

மச்சாள் பந்தலடிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கும் இங்கும் பார்த்தார். பிறகு தன்னுடைய அந்தக் குரலை எடுத்தார்.

"எங்கடை நாகபூஷணியை ஆர் வைச்சிருக்கிறியள்?"

பந்தலுக்குக் கீழே ஒரு பெண் எழும்பினாள். "இந்தாங்கோ, இதுதான் நாகபூஷணி. இவ்வளவு நேரமும் எங்கை போனனீங்கள்?"

மச்சாள் குனிந்து பார்த்தார். அது வேறு பிள்ளை. அதற்குள் இன்னொருத்தி வந்தாள். "இல்லையணை, நாகபூஷணி என்ரை மடியிலை. தாய் இப்பதான் தந்திட்டுக் கால் கழுவப் போனவ." மூன்றாவதாக ஒருத்தி தோளில் பிள்ளையோடு கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். "ஆர் என்ரை பிள்ளையைக் கூப்பிட்டது? நாகபூஷணிக்கு என்ன?"

மூன்று பேரும் ஆளுக்கொரு நாகபூஷணியைப் பிடித்துக்கொண்டு மச்சாளைச் சுற்றி நிற்கிறார்கள். எங்களுடையதைக் காணவில்லை. மச்சாள் "இதில்லை, எங்கடை நாகபூஷணி" என்கிறார். "அப்ப இது ஆரின்ரை நாகபூஷணி?" என்று மூன்றாவது பெண் சண்டைக்கு வருகிறாள்.

எனக்குப் பொறுக்க முடியவில்லை. தண்டையல் "இருங்கோ, இருங்கோ" என்று சொல்லச் சொல்லக் குதித்துவிட்டேன். நெஞ்சளவு தண்ணீர். சேலை காலைச் சுற்றியது. யாரோ ஒருவர் கையைப் பிடித்து இழுத்து விட்டார். கரையில் கால் பட்டதும் என்னை அறியாமல் வாய் திறந்தது.

"நீலா! என்ரை நீலா எங்கை? நீலா!"

எனக்கும் இப்படி ஒரு குரல் இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. காற்று இரைந்துகொண்டிருந்தது. ஆனாலும் போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று.

பந்தலில் அல்ல, அதற்கும் அப்பால் ஒரு பூவரச மரத்தடியில் இருந்த இளம் பெண் ஒருத்தி கையை உயர்த்தினாள். "அக்கா! இஞ்சை வாருங்கோ! இதோ பாருங்கோ, உங்கடையோ எண்டு!"

ஓடினேன். என் பிள்ளைதான். அந்தப் பெண்ணின் மார்போடு அணைந்து பால் குடித்துக்கொண்டு கிடந்தாள். அந்தப் பெண்ணின் சொந்தப் பிள்ளை பக்கத்தில் சாக்கில் தூங்குகிறது.

"வீரிட்டு அழுதுகொண்டே கிடந்தது அக்கா. பசியாக்கும் எண்டு எடுத்தனான். அந்த அம்மா நாகபூஷணி எண்டு கூப்பிட்டவ, பிறகு பாத்தால் அங்கை மூண்டு பேர் எழும்பி நிக்கினம். அப்ப இது அவையின்ரை இல்லை எண்டு நினைச்சன். நீங்கள் கூப்பிட உடனை பாலை விட்டிட்டுத் திரும்பிப் பாத்துது."

அவள் எழுவைதீவுப் பெண். அவளுடைய பெயரை நான் கேட்கவில்லை. பிள்ளையை வாங்கி முகத்தோடு வைத்துக்கொண்டதில் எல்லாம் மறந்துபோயிற்று.

மச்சாள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார்.

"என்னெண்டு கூப்பிட்டனீ?"

சேலையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. பொய் சொல்ல நேரம் இல்லை. "நீலா எண்டு."

"எப்ப வைச்சனீ?"

"பிறந்த அண்டைக்கு."

"அதுக்குத் தன்ரை பேர் தெரியுதே!" என்றார் மச்சாள். குரல் வழக்கத்தை விட மெதுவாக இருந்தது. கோயிலை நோக்கி நடந்தார்.

பிள்ளை திரும்பிப் பார்த்தது பெயருக்காகவா, தாயின் குரலுக்காகவா என்று நீங்கள் கேட்டால், குரலுக்காகத்தான். இவ்வளவு சின்னப் பிள்ளைக்குப் பெயர் ஏது? நான் அப்போது "காரீ" என்று கத்தியிருந்தாலும் திரும்பித்தான் பார்த்திருப்பாள். ஆனால் இதை மச்சாளுக்குச் சொல்ல எனக்கு என்ன விசரா?

ஒரு பேரம்

கோயிலுக்குள் சனம் நெருக்கியடித்தது. கர்ப்பூர வாசமும் ஈரச் சேலை வாசமும். மச்சாள் நேரே சந்நிதியில் போய் நின்றார். நான் பிள்ளையோடு ஒரு பக்கம், இவர் தலையிலிருந்து கடல் தண்ணீர் சொட்டச் சொட்ட மறுபக்கம். மச்சாள் கண்ணை மூடவில்லை. கும்பிட்ட கையோடு அம்மாளை நேருக்கு நேர் பார்த்துப் பேசத் தொடங்கினார். மெல்லப் பேசத் தெரியாதவர் என்று சொன்னேன் அல்லவா, சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

"அம்மாளாச்சி, நான் சொன்ன சொல்லு மாறாதவள், உனக்குத் தெரியும். உன்ரை பேரை வைக்கிறன் எண்டு நேர்ந்தனான். ஓம், நேர்ந்தனான். இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா இண்டைக்கு உன்ரை துறையிலை நடந்ததை நீயும்தானே பாத்தனீ. நான் ஒரு நாகபூஷணியைக் கூப்பிட மூண்டு வந்து நிக்குது, எங்கடையைக் காணேல்லை. நாளைக்கு எங்கடை பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் எண்டு நான் உன்னைக் கூப்பிட்டு, நாகபூஷணியைக் காப்பாத்து தாயே எண்டு சொல்ல, நீ புங்குடுதீவிலை இருக்கிற நாகபூஷணியைப் போய்க் காப்பாத்தினால் நான் என்ன செய்யிறது?"

பின்னால் நின்ற ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். "அக்கா, பேசி முடிஞ்சுதோ? எங்களுக்கும் தோணிக்கு நேரமாகுது" என்றார் இன்னொருவர்.

"பொறு தம்பி. எங்கடை அலுவல் முடியேல்லை." திரும்பவும் அம்மாளைப் பார்த்தார். "அதாலை ஒண்டு சொல்லுறன், கேள். எங்கடை செம்பி இப்ப சினையா நிக்குது. பசுக்கண்டு போட்டால் உன்ரை பேரை முழுசா அதுக்கு வைச்சு, உனக்குப் பால் தரட்டும் எண்டு இஞ்சையே கொண்டுவந்து கட்டுறன். பிள்ளையை மட்டும் நீலா எண்டு ஞாபகம் வைச்சுக்கொள். நீலா. நெடுந்தீவு நீலா. மறந்திடாதை."

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் ஒரே முகத்தில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஐயர் விபூதித் தட்டோடு வந்து, "பிள்ளைக்கு என்ன பேர்?" என்றார். எங்கள் வீட்டு வழக்கத்தில் பெயரைக் காதில் சொல்வது தகப்பனுடைய தமக்கை. நான் பிள்ளையை மச்சாளிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீ சொல்லு பிள்ளை."

"நீங்கள்தானே மச்சாள் சொல்லவேணும்."

"நீ இத்தினை நாளும் சொல்லியாச்சு. இப்ப எல்லாருக்கும் முன்னாலை சொல்லு. நான் பிறகு சொல்லுறன்."

சொன்னேன். ஒளித்து ஒளித்துச் சொன்ன பெயரை வெளிச்சத்தில் நின்று சொல்லும்போது நாக்குத் தடுமாறியது. எனக்குப் பிறகு மச்சாள் குனிந்து, காதோடுதான் வாயை வைத்துச் சொன்னார். வசந்த மண்டபம் வரை கேட்டது. பிள்ளை திடுக்கிட்டு அழுதாள்.

அன்றிரவு வரைக்கும் இவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. மறுநாளிலிருந்து கிணற்றுக் கயிற்றைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார்.

பேரத்தின் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்பீர்கள். செம்பி போட்டது நாம்பன், காளைக் கன்று. மச்சாள் ஒரு கிழமை செம்பியோடு பேசவில்லை. அடுத்த ஈற்றில்தான் பசுக்கன்று கிடைத்தது. அதைத் தோணியில் ஏற்றி நயினாதீவுக்குக் கொண்டுபோனபோது பட்ட பாடு தனிக் கதை.

மடத்துச் சாப்பாடு

கோயிலைச் சுற்றி வந்து மடத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். பந்திக்கு இன்னும் நேரம் இருந்தது. இவர் தண்டையலோடு பேசப் போயிருந்தார். நீலா மச்சாளின் மடியில் தூங்கிவிட்டாள். எனக்கு மனதில் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. "மச்சாள், என்னிலை கோவமோ?" என்று கேட்டேன்.

அவர் பிள்ளையின் கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கோவமில்லை பிள்ளை. நீ நினைச்சிருப்பாய், இவள் தன்ரை எண்ணத்துக்குப் பேர் வைக்கிறாள் எண்டு. அதில்லை." பிள்ளையின் துணியை இழுத்து மூடிவிட்டார். "முதல் பிறந்தானே அவன். முப்பத்தொண்டு கழியேல்லை, பேர் வைக்கேல்லை. அவன் போனாப் பிறகு நீ உள்ளுக்கை கிடந்து அழுதாய். நான் மாட்டுக்கொட்டிலுக்கை போய் நிண்டனான். எனக்கும் அழவேணும் போல கிடந்தது. ஆனா என்னெண்டு சொல்லி அழுறது? ஒருத்தனைச் சொல்லி அழுறதுக்கு ஒரு பேர் வேணுமே. எனக்கு ஒண்டும் வரேல்லை பிள்ளை. சும்மா நிண்டிட்டு வந்தனான்."

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. மச்சாள் மாட்டுக்கொட்டிலுக்குள் போனதையும், கண் நனையாமல் திரும்பி வந்து உலை வைத்ததையும் பார்த்திருந்தேன். கல்நெஞ்சம் என்றுகூட நினைத்தேன்.

"அதுதான், இதுக்கு எண்டாலும் ஒரு பெரிய பேரா இருக்கட்டும் எண்டு நினைச்சன். பேர் பெரிசா இருந்தால் ஆயுசும் பெரிசா இருக்கும் எண்டு ஒரு விசர் எண்ணம். இப்ப பாத்தால் இந்தக் கட்டைப் பேருக்கும் இது திரும்பிப் பாக்குதே. அது காணும், வேறொண்டும் வேண்டாம்."

அப்போது நான் அழுதேன். மச்சாளும் அழுதார். சாப்பாடு போட வந்தவர்கள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, சோற்றை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனார்கள்.

சும்மா

நீலா வளர்ந்தாள். அந்தப் பெயரை யாரும் வெட்டவில்லை. வெட்ட இடமில்லை. நான் ஆசைப்பட்டு வைத்த பெயர் என்றாலும், எங்கள் வீட்டில் அதை அதிகம் கூப்பிட்டவள் நான் இல்லை. காலையில் கண் விழித்ததிலிருந்து விளக்கு அணையும் வரை அந்தப் பெயர் மச்சாளின் வாயில்தான். நான் கூப்பிட நினைப்பதற்குள் அவர் கூப்பிட்டுவிடுவார். எனக்குச் சில நேரம் எரிச்சல்கூட வரும்.

அவளுக்கு நாலு அல்லது ஐந்து வயது இருக்கும். ஒரு மத்தியானம், நான் குசினியில் கூழுக்கு பனங்கிழங்கு ஒடியல் மாவைக் கரைத்துக்கொண்டிருந்தேன். மச்சாள் முற்றத்தில் பாயைப் போட்டுப் பயறு புடைத்துக்கொண்டிருந்தார். நீலா வளவின் கோடியில் திரேசம்மாவின் பிள்ளைகளோடு மண்சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள்.

"நீலா!"

"ஓய்!"

"நீலா! இஞ்சை வா!"

பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடி வந்தாள். கையெல்லாம் மண். மூச்சு வாங்கிக்கொண்டு நின்று, "என்ன மாமி? ஏன் கூப்பிட்டனீங்கள்?" என்றாள்.

நானும் குசினி வாசலால் எட்டிப் பார்த்தேன், தண்ணீர் கேட்கிறாராக்கும் என்று. மச்சாள் சுளகைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டுமில்லை மோனை. சும்மா கூப்பிட்டுப் பாத்தனான். நீ போய் விளையாடு."